எஞ்சின் வேலை முடிந்த டிரெய்லர் லாரி ஹீட் ஆகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஃபுல் எஞ்சின் வேலை பார்த்து இறங்கிய வண்டி முதல் லோடிலேயே ஹீட் அடித்தால், எல்லோருடைய கையும் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) போல்ட்டுக்குத்தான் போகிறது. உரிமையாளர் மெக்கானிக்கைக் கேட்பார், மெக்கானிக் லேத் பட்டறையைக் கேட்பார், லேத்காரர் கேஸ்கெட்டைக் காட்டுவார். ஆனால் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது கை படாமல் அப்படியே ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்ட ரேடியேட்டரை யாரும் கேட்பதில்லை. பழைய எஞ்சின் கம்ப்ரஷன் இல்லாமல் இழுவை குறைந்து ஓடியது. அந்த அளவு சூட்டுக்கு அரைகுறையாக அடைத்த ரேடியேட்டரே போதுமாக இருந்தது. புது எஞ்சின் முழுப் பவரையும் கொடுக்கும், அதற்கேற்ற சூட்டையும் கொடுக்கும். அப்போதுதான் ரேடியேட்டரின் குறை வெளியே தெரியும்.

இங்கே சொல்லும் அளவுகள் டாடா டிரெய்லர்களில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினுக்கு உரியவை. தேடும் வரிசை எந்த டீசல் எஞ்சினுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் அந்தந்த எஞ்சின் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் முள்ளை நம்பலாமா என்று பாருங்கள்

டேஷ்போர்டு முள் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லேசர் புள்ளி விழும் டெம்பரேச்சர் கன்னைக் கொண்டு தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) ஹவுசிங்கின் மீது, பெயின்ட் மங்கிய இடமாகப் பார்த்து அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் கன் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கருப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும். உலோகத்தின் மேற்பரப்பு உள்ளே ஓடும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எஞ்சின் வேலைக்குப் பிறகு முள் பொய் சொல்ல மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். சென்சார் ஒயர் நசுங்கி பாடியில் உரசினால், சாவி போட்டதும் முள் நேராக ஹாட்டில் போய் நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் அப்படி நின்றால் அது ஒயரோ சென்சாரோதான்; சென்சாரில் இருந்து ஒயரைக் கழற்றியதும் முள் இறங்கினால் சென்சார் கெட்டிருக்கிறது, இறங்காவிட்டால் ஒயர் வழியில் எங்கோ உரசுகிறது. இரண்டாவது, பிளாக்குக்குப் புது பெயின்ட் அடித்து, சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. அப்போது முள் குறைவாகக் காட்டும். இது முன்னதைவிட ஆபத்து, ஏனென்றால் எஞ்சின் கொதிக்கும்போதும் முள் நடுவில் நிற்கும். மூன்றாவது, சேசிஸில் இருந்து எஞ்சினுக்கு வரும் எர்த் பட்டையைத் திரும்பப் பூட்ட மறந்திருப்பார்கள். ஹெட்லைட் போட்டதும் முள் குதித்தால் அந்தப் பட்டையைத் தேடுங்கள்.

எது சரியான சூடு? 6பிடியின் தெர்மோஸ்டாட் 83 டிகிரியில் திறக்கத் தொடங்கி 95 டிகிரியில் முழுதாகத் திறக்கும். மேல் எல்லை 100 டிகிரி, கீழ் எல்லை 70. ஆக, லோடோடு 85 முதல் 95 வரை ஓடும் எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. புது ரிங்கும் பேரிங்கும் பழகும் வரை வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக நிற்பதும் இயல்பு. 10, 15 டிகிரி கூடினால் "புது எஞ்சின் அப்படித்தான், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்வது சமாளிப்பு.

தண்ணீர் ஊற்றிய முதல் நாளே ஏறி இறங்கி ஆடுகிறது

முள் திடீரென ஏறுகிறது, திடீரென இறங்குகிறது, டப்பாவில் கூலன்ட் பொங்குகிறது. ஓடியது 20 கிலோமீட்டர்கூட இல்லை. இது பெரும்பாலும் ஏர் லாக்.

காலி எஞ்சினில் பைப்பை நேராக வைத்து வேகமாக நிரப்பினால் காற்று ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். மெதுவாகத்தான் ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் உள்ள மேல் பிளக்கைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலன்ட் வரும் வரை விட்டு மூடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து மட்டம் பார்த்து மறுபடி ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, குறைந்ததை நிரப்பி மூடுங்கள். தெர்மோஸ்டாட்டின் ஓரத்தில் ஆடும் சின்ன ஊசி ஒன்று இருக்கும். காற்று வெளியேறுவதற்கான வழி அது. அந்த ஊசி மேல் பக்கமாக இருக்கும்படி பூட்ட வேண்டும்.

எத்தனை லிட்டர் போயிற்று என்பதை எழுதி வையுங்கள். எஞ்சினை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 10 லிட்டர். ரேடியேட்டரும் குழாய்களும் சேர்ந்த மொத்த அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும். புத்தகம் 24 என்று சொல்லி உங்கள் வண்டி 18 தான் வாங்கியிருந்தால், மீதி 6 லிட்டர் இடத்தில் காற்றோ கசடோ இருக்கிறது.

நின்றால் ஹீட், ஓடினால் சரி

டோல் வரிசையிலும் லோடு ஏற்றும் இடத்திலும் ஏறி, ரோட்டுக்கு வந்ததும் இறங்கினால் குறை காற்றில்தான், தண்ணீரில் இல்லை. ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது ஃபேன் மட்டுமே துணை.

ஃபேனைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். திருப்பி மாட்டிய ஃபேனும் காற்றை இழுக்கும். ஆனால் இறக்கையின் வளைவு தவறான பக்கம் இருப்பதால் மிகக் குறைவாக இழுக்கும். ஒரு துணியை ரேடியேட்டரின் முன்பக்கத்தில் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேன் கவர் உடைந்ததென்று தூக்கிப் போட்டிருந்தால் அதைத் திரும்ப மாட்டாமல் வேறு எதையும் தேடாதீர்கள். கவர் இல்லாத ஃபேன் எஞ்சின் அறைக்குள் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். இறக்கையின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கவருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் மவுண்ட் ரப்பரை மாற்றியபோது எஞ்சின் முன்னே பின்னே நகர்ந்திருந்தால் இந்த அளவும் மாறியிருக்கும்.

விஸ்கஸ் ஃபேன் (சூடு கூடும்போது உள்ளே இருக்கும் எண்ணெயால் இறுகிச் சுற்றும் வகை) என்றால், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். தேனில் சுற்றுவது போல இறுக்கமாக வர வேண்டும். சூட்டிலும் காற்றாடி போலச் சுழன்றால் உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெய் வடிந்துவிட்டது. எஞ்சின் இறக்கியபோது ஃபேன் அசெம்பிளியைத் தரையில் நாள் கணக்கில் படுக்க வைத்திருந்தால் அந்த எண்ணெய் கசிய வாய்ப்பு உண்டு.

மேட்டில் மட்டும் ஏறுகிறது

சேலத்தில் இருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறும்போதும், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏறும்போதும் ஹீட், சமவெளியில் சரி. இதுதான் அதிகம் வரும் புகார். இங்கே பொறுமை வேண்டும். காரணம் மூன்று பக்கத்தில் இருக்கலாம்: ரேடியேட்டர் வெளியே தள்ளவில்லை, தண்ணீர் ஓடவில்லை, அல்லது எஞ்சினே தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது.

மேடு ஏறிய உடன் ஓரம் கட்டி, எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, ரேடியேட்டருக்குள் போகும் மேல் ஹோஸையும் வெளியே வரும் கீழ் ஹோஸையும் கன் வைத்து அளந்து பாருங்கள். லோடில் ஓடும் டீசல் லாரியில் இரண்டுக்கும் 5 முதல் 8 டிகிரி வித்தியாசம் இருப்பது வழக்கம். வித்தியாசம் 15, 20 என்று போனால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது: வாட்டர் பம்ப், பெல்ட், தெர்மோஸ்டாட், உள்ளே அடைத்த டியூப் என்று தேடுங்கள். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து இரண்டும் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுக்கவில்லை: கோரின் (ரேடியேட்டரின் நடுவில் டியூப்களும் ஃபின்களும் சேர்ந்த பகுதி) வெளிப்பக்கம் அடைத்திருக்கிறது.

வெளிப்பக்க அடைப்பு முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. முன்னால் தெரிவது இன்டர்கூலர், அதாவது டர்போவில் இருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி. அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில்தான் வைக்கோல், உமி, பாலித்தீன், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய மண் எல்லாம் கம்பளி போலப் படிந்திருக்கும். இரண்டையும் பிரித்து, ஃபேன் பக்கத்தில் இருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் மடங்கி, இருந்த காற்று வழியும் போகும்.

உள்ளே அடைத்த ரேடியேட்டரைக் கண்டுபிடிக்க, சூடான கோரின் மேல் கன்னை மேலும் கீழும் இடமும் வலமுமாக நகர்த்துங்கள். ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்த டியூப்களில் ஓட்டம் இல்லை. போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் உப்பு படிந்து அடைப்பது தெரிந்ததே. எஞ்சின் வேலைக்குப் பிறகு கூடுதலாக வருவது வேறு: பிளாக்கை ஆசிட் தொட்டியில் போட்டுக் கழுவியபோது உதிர்ந்த துரு, ஊதி எடுக்காத ஹோனிங் தூள் (சிலிண்டர் சுவரைத் தேய்த்தபோது உதிர்ந்தது), அனபாண்ட் போன்ற சிலிகான் பசையின் பிசிறு. வாட்டர் பம்ப் கேஸ்கெட்டுக்கு இரண்டு பக்கமும் பசையைப் பிதுங்கப் பிதுங்கத் தடவினால், வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கும். அது உடைந்து போய் ரேடியேட்டர் டியூப் வாயில் உட்காரும். கோரைக் கழற்றி ராடிங் செய்வதை, அதாவது டியூப்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதைத் தவிர இதற்கு வழியில்லை.

தண்ணீர் ஓட்டம் குறையும் கதை வேறு. அதில் ஏமாற்றுவது கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே ஸ்பிரிங் இல்லாத ஹோஸைப் போட்டிருந்தால் ஆர்பிஎம் ஏறும்போது சப்பிக்கொள்ளும், ஐடிலில் பார்த்தால் நன்றாக இருக்கும். ஒருவர் ஆக்சிலேட்டர் கொடுக்க, இன்னொருவர் அந்த ஹோஸையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெல்ட்டைத் தவறான பாதையில் மாட்டியிருந்தால் பம்ப் எதிர்த் திசையில் சுற்றும். பாதைப் படத்தோடு ஒப்பிடுங்கள். பம்ப் இம்பெல்லர் ஷாஃப்ட்டில் தளர்ந்து வழுக்குவதை வெளியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. மற்ற எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு பம்ப்பைக் கழற்றி, புல்லியைப் பிடித்துக்கொண்டு இம்பெல்லரைத் திருகிப் பாருங்கள்.

"ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுட்டேன், அப்பவும் ஹீட்." இதைக் கேட்காத பட்டறை இல்லை. 6பிடியில் தெர்மோஸ்டாட் செய்யும் வேலை இரண்டு: சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரம் பைபாஸ் வழியை (தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் வழி) மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், ரேடியேட்டருக்குப் போவது குறையும். எனவே மேட்டில் சூடு கூடத்தான் செய்யும். இரவில் காலி வண்டியில் 60 டிகிரிகூட எட்டாது. சந்தேகம் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரோடு தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். 83இல் அசைய வேண்டும், 95இல் முழுதாக விரிய வேண்டும்.

மூன்றாவது பக்கம், எஞ்சின் உண்டாக்கும் சூடு. பட்டறைகள் இதைக் கடைசியில்தான் பார்க்கின்றன. டீசல் பம்ப் டைமிங் தாமதமாக இருந்தால் எரிதல் நீண்டு சைலன்சர் பக்கம் சிவக்கும், இழுவை இருக்காது. இன்டர்கூலர் ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வெளியேறி, மேட்டில் கரும்புகையோடு சூடு ஏறும். எக்சாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பிரேக்) தட்டு பாதி மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். சைலன்சர் கழற்றிப் பூட்டிய வண்டியில் அதன் லிவர் முழுதாகத் திரும்புகிறதா என்று கையால் பார்க்க ஒரு நிமிடம் போதும். பிறகு டிரெய்லரின் பிரேக் டிரம்கள்: மேட்டின் உச்சியில் நிறுத்தி எல்லாச் சக்கரத்தையும் கன்னால் அளந்து பாருங்கள். ஒரு டிரம் மட்டும் கொதித்தால் அந்த பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது, எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது.

சீசனையும் சேர்த்து யோசியுங்கள். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு அதன் கட்டுப்பாடு முடிந்தது. அதற்கு மேல் வெளிக்காற்று ஒரு டிகிரி கூடினால் எஞ்சினும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். மார்கழியில் 28 டிகிரி காற்றில் அதே லோடோடு 96 காட்டிய வண்டி, சித்திரையில் 40 டிகிரியில் 108 தொடும். டிசம்பரில் எஞ்சின் வேலை பார்த்த வண்டி ஏப்ரலில் ஹீட் ஆனால், "நாலு மாசம் நல்லாத்தானே ஓடுச்சு" என்பது ரேடியேட்டருக்கு நற்சான்று ஆகாது.

முள் சரியாக நிற்கிறது, ஆனால் கூலன்ட் வெளியே தள்ளுகிறது

இதுதான் ஹெட் கேஸ்கெட்டை உண்மையாகச் சந்தேகிக்க வேண்டிய இடம். அதற்கும் முன்னால் மூடி. 103 கேபிஏ, அதாவது 15 பிஎஸ்ஐ மூடி போட வேண்டிய வண்டியில் 50 கேபிஏ மூடி இருந்தால் மேட்டில் பொங்கும். கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்; 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதுவே 121 டிகிரி வரை தாங்கும்; பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 129 வரை. அழுத்தம் பிடிக்காத மூடி இந்த வித்தியாசம் முழுவதையும் தின்றுவிடும்.

மூடி சரி என்றால், இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அமுக்கிக்கொண்டே இருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, இரண்டு மூன்று நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் உள்ளே காற்று நுழைகிறது. ஓவர்ஃப்ளோ குழாயைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு லோடோடு பாருங்கள். தொடக்கத்தில் வரும் சில குமிழ்கள் பொருட்டல்ல, நிற்காமல் வந்தால்தான் கணக்கு.

அந்தக் காற்று எஞ்சினில் இருந்துதான் வருகிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தண்ணீரில் குளிரும் ஏர் கம்ப்ரசர் உள்ள வண்டியில், கம்ப்ரசர் ஹெட் கேஸ்கெட் போனாலும் பிரேக் காற்று அப்படியே ரேடியேட்டருக்குள் வரும். ஏர் டேங்க் நிறைந்து கம்ப்ரசர் லோடு விட்டதும் (காற்றை அமுக்குவதை நிறுத்தியதும்) குமிழ் நின்று, பிரேக்கை மிதித்து டேங்கைக் குறைத்ததும் மறுபடி வந்தால், குற்றவாளி கம்ப்ரசர். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கம்ப்ரசருக்குப் போகும் இரண்டு தண்ணீர்க் குழாயையும் கழற்றி, எஞ்சின் பக்க முனைகளை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஐடிலில் பாருங்கள். இந்தச் சோதனை செய்யாமல் ஹெட் இறக்கியதால் வீணான கேஸ்கெட்டுகள் ஏராளம்.

எஞ்சின்தான் என்றால் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கலாம். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த சிலிண்டரை இரண்டு வால்வும் மூடிய மேல் நிலைக்குக் கொண்டுவந்து, அடாப்டர் வழியாகக் காற்று கொடுத்து ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். 1-5-3-6-2-4 வரிசையில் ஒவ்வொன்றாக. பிளைவீல் திரும்பாதபடி பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ஹெட் இறக்கியாயிற்று என்றால், புது கேஸ்கெட்டை அப்படியே போட்டு மூடாமல் ஏன் போனது என்று பாருங்கள். 6பிடி ஹெட் போல்ட் முறை: எல்லா 26 போல்ட்டும் நடுவில் இருந்து வெளிப்பக்கமாக 90 நியூட்டன் மீட்டர், அடுத்து நீள போல்ட்கள் மட்டும் 120, கடைசியாக எல்லாப் போல்ட்டும் மேலும் 90 டிகிரி திருப்பு. இந்தக் கால் சுற்று பல இடங்களில் விட்டுப்போகிறது, ஏனென்றால் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். பிடிப்பின் பெரும்பகுதி அந்தத் திருப்பில்தான் வருகிறது. போல்ட் நீண்டிருந்தால் மறுபடி போடக் கூடாது. போல்ட் துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கி நின்றால் டார்க் வந்தது போலக் காட்டும், ஹெட் அமுங்கியிருக்காது. மரைக்கும் போல்ட் தலைக்கு அடியிலும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் போதும்.

பிளாக்கின் மேல் முகத்தைக் கிரைண்டரில் வட்ட எமரி போட்டுத் தேய்த்திருந்தால் நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். தண்ணீர்த் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடி முகத்தைச் சீவிச் சமமாக்குவது) அதிகம் எடுத்திருந்தால் தடித்த ஓவர்சைஸ் கேஸ்கெட் கிடைக்கும்; கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கி வராதீர்கள்.

ஆயிலும் தண்ணீரும் கலக்கின்றன

ரேடியேட்டரில் மோர் போல ஆயில் மிதந்தால் ஆயில் கூலர்தான் முதல் சந்தேகம். ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் போய், சூடான கூலன்டின் அழுத்தம் மிஞ்சும். அப்போது தண்ணீர் சம்ப்புக்கு (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) வரும். எனவே காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சம்ப் பிளக்கைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். புது கூலர் எலிமென்ட்டின் வாய்களில் அடைப்பு மூடி இருந்தால், அதை எடுத்துவிட்டுத்தான் பூட்டியிருக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

தண்ணீர் சூடில்லை, எஞ்சின் சூடு

முள் 85இல் நிற்கிறது. ஆனால் நீண்ட மேட்டுக்குப் பிறகு நிறுத்தி 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் முனகுகிறது, எஞ்சின் இறுகியிருக்கிறது. இதை ரேடியேட்டர் மாற்றித் தீர்க்க முடியாது. பிஸ்டன் இடைவெளி குறைவு, அல்லது பேரிங் இறுக்கம், அல்லது பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் கூலிங் நாசில் கழுவும்போது அடைத்தோ விழுந்தோ போயிருக்கிறது. வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, சம்ப்பை இறக்கி நாசில்களை எண்ணுங்கள், ஒவ்வொன்றிலும் ஊதிப் பாருங்கள். பிறகு போர் (சிலிண்டர் துளை) அளவுச் சீட்டைக் கேளுங்கள்: 6பிடி பிளாக்கில் லைனர் கிடையாது, பிளாக்கிலேயே 0.50 அல்லது 1.00 மில்லிமீட்டர் போரிங் எடுத்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கம். ஆறு போரையும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்த சீட்டு இல்லையென்றால் மறுபடி அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரோடு சோதனை

பழக விடுகிறோம் என்று மணிக்கணக்கில் ஐடிலில் போட்டு வைக்காதீர்கள். ரிங் உட்காராது, போர் பளபளத்துப் போகும். பாதி லோடோடு சமவெளியில் ஓட்டி, பிறகு முழு லோடோடு மேட்டுக்குக் கொண்டுபோங்கள். வெளிக்காற்று, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஆர்பிஎம், கியர் ஆகிய ஐந்தையும் தாளில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். எஞ்சின் சூட்டில் இருந்து வெளிக்காற்றின் சூட்டைக் கழித்த எண்தான் அந்த வண்டியின் கணக்கு. மேட்டில் அது 60 என்றால் 40 டிகிரி நாளில் 100 தொடும், எல்லை அதுதான். 65 வந்தால், மழைக்காலத்தில் முள் எவ்வளவு நல்லபடியாக நின்றாலும், ரேடியேட்டரைக் கோடைக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.